பிள்ளைகளின் தலைமுடியும் பள்ளிக்கூடச் சட்டமும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்ததும் ஆலிம்களிடம் தவறாமல் வந்து சேரும் கேள்வி ஒன்றுண்டு. முடியைக் குட்டையாக வெட்டி வந்தால்தான் பையன் வகுப்பில் அமரலாம் என்று தலைமையாசிரியர் கூறுகிறார். தலைமுடி வளர்ப்பது ஸுன்னத் அல்லவா, பள்ளிக்கூடத்தின் இந்தச் சட்டத்திற்கு முஸ்லிம் பிள்ளை கட்டுப்படலாமா என்பதே அக்கேள்வி. கேட்பவர்களில் ஸுன்னத்தின் மீது மெய்யான பற்றுடைய தகப்பனார்களும் இருக்கிறார்கள். மகன் சினிமா நடிகரைப் பார்த்து வளர்த்த முடிக்கு மார்க்கத்தில் ஏதேனும் ஓர் ஆதாரம் கிடைக்காதா என்று தேடி வருபவர்களும் இருக்கிறார்கள். சில இடங்களில் இவ்விவகாரம் முற்றி, பிள்ளை பல நாட்கள் வகுப்புக்கு வெளியே நிற்கும் நிலை ஏற்படுகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் திருமுடி எவ்வளவு நீளம் இருந்தது என்பதைத் தோழர்கள் நுணுக்கமாகக் கவனித்து அறிவித்திருக்கின்றார்கள். பாதிச் செவி வரை இருந்ததாகவும், செவிக்கும் தோளுக்கும் இடையில் இருந்ததாகவும் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிப்புகள் வந்துள்ளன. காதுச் சோணை வரை என்றும், தோளைத் தொடும் அளவு என்றும் பராஉ (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளன. இவை ஒன்றுக்கொன்று முரண் அல்ல. முடி வளரும், குறைக்கப்படும். பார்த்தவர் பார்த்த காலத்தைக் கூறினார், அவ்வளவே. ஹஜ்ஜிலும் உம்ராவிலும் நாயகம் (ஸல்) அவர்கள் முழுவதையும் களைந்திருக்கின்றார்கள்.

அப்படியானால் முடி வளர்ப்பது ஸுன்னத்தா? இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இதனை ஸுன்னத் என்றே கூறினார்கள். ஆனால் அதைப் பேணுவதற்குச் சக்தி இருந்தால் நாமும் வளர்த்திருப்போம், அதில் சிரமமும் பராமரிப்பும் இருக்கின்றனவே என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஹதீஸ் கலையின் அத்தனை பெரிய இமாமே இந்த ஸுன்னத்தைத் தம்மால் பேண இயலவில்லை என்று விட்டிருக்கிறார்கள் என்றால், இது விடக்கூடாத கடமை அல்ல என்பது தெளிவு. குளிப்புக் கடமையானபோது ஒரு மயிரடி நனையாமல் போய்விடுமோ என்ற அச்சத்தால் அலீ (ரலி) அவர்கள் தம் முடியைக் களைந்து கொள்வது வழக்கம் என்று அபூதாவூதில் வருகிறது. முடி வைத்திருப்பவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற நபிமொழியும் அதே நூலில் இருக்கிறது. எண்ணெயும் சீப்பும் காணாமல் நெற்றியில் தொங்கவிட்ட முடிக்கு ஸுன்னத் என்று பெயர் சூட்ட வருபவர்கள் இந்த நபிமொழியையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இதுவரை சொன்னது பெரியவர்களைப் பற்றியது. சிறுவர்களைப் பற்றியே நேரடியாக ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஹிஜ்ரி 8ம் ஆண்டு முஃத்தாப் போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களின் வீட்டாருக்குத் துக்கம் கொண்டாட மூன்று நாட்கள் அவகாசம் கொடுத்துவிட்டு, நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வீட்டிற்கு வந்தார்கள். இனி அழ வேண்டாம் என்றார்கள். தம் சகோதரரின் பிள்ளைகளை அழைத்து வரச் சொன்னார்கள். பறவைக் குஞ்சுகளைப் போல் நாங்கள் கொண்டு வரப்பட்டோம் என்று அப்பிள்ளைகளில் ஒருவரான அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களே பிற்காலத்தில் அறிவிக்கிறார்கள். உடனே நாவிதர் அழைக்கப்பட்டார். பிள்ளைகளின் தலைகள் முழுமையாகச் சிரைக்கப்பட்டன.

முடி வைத்திருப்பது மேலானதாயிருக்க, ஏன் சிரைக்கச் சொன்னார்கள்? மிஷ்காத்தின் விரிவுரையான மிர்காத்தில் முல்லா அலீ காரீ (ரஹ்) அவர்கள் இதற்கு ஒரு காரணம் கூறுகிறார்கள். தாயார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் கணவரை இழந்த துயரத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகளின் தலையை வாரிவிட அவர்களால் இயலாது. அழுக்கும் பேனும் சேர்ந்துவிடும் என்று அஞ்சியே நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விதம் செய்தார்கள் என்பது அவ்விளக்கம். பிள்ளையின் முடி விஷயத்தில் முதலில் பார்க்கப்பட்டது பிள்ளையின் நலம் என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம். ஐம்பது பிள்ளைகள் தோளோடு தோள் உரசி அமரும் வகுப்பில் முடியைக் குறைத்து வை என்று பள்ளிக்கூடம் சொல்வதற்கும் இதே போன்ற காரணங்கள்தாம் இருக்கின்றன.

மேலும், பள்ளியில் சேர்க்கும்போது விதிகளுக்குக் கட்டுப்படுவதாகத் தகப்பனார் கையெழுத்திடுகிறார். முஸ்லிம்கள் தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின் மீது நிற்க வேண்டும், ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனையையும் ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனையையும் தவிர என்ற கருத்தில் திர்மிதியில் நபிமொழி வந்துள்ளது. முடி வளர்ப்பது ஹலால்தானே, அதைத் தடுக்கும் நிபந்தனை எப்படிச் செல்லும் என்று கேட்கலாம். ஆகுமான ஒன்றைச் செய்யாமல் விடுவதாக ஒப்புக்கொள்வது வேறு, அதை ஹராம் என்று ஆக்குவது வேறு. பள்ளிக்கூடம் முடியை ஹராமாக்கவில்லை. படிக்கும் காலம் வரை குறைத்து வைக்கச் சொல்கிறது.

சீக்கிய மாணவர்களுக்கு மட்டும் சலுகை உண்டே என்று சிலர் வாதிப்பதுண்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் தலைப்பாகையைக் கழற்றி முடியை வெட்டினால்தான் சேர்ப்போம் என்று ஒரு சீக்கியச் சிறுவனைத் தனியார் பள்ளி மறுத்த வழக்கில், 1983ல் பிரபுக்கள் சபை அச்சிறுவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் முடியை வெட்டாதிருத்தல் அவர்கள் சமயத்தில் கடமை. நம் மார்க்கத்தில் அது கடமை அல்ல. கடமை இல்லாத ஒன்றைக் கடமை என்று சொல்லிப் போராடினால், நாளை மெய்யான கடமைக்காக நாம் வாய் திறக்கும்போது அதற்கு மதிப்பிராது.

இனி, நம் பிள்ளைகள் தலையில் உண்மையிலேயே மார்க்கம் தடுத்த ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எந்தத் தகப்பனாரும் கேள்வி கேட்டு வருவதில்லை! அதுதான் 'கஸஉ'. தலையில் ஒரு பகுதியைச் சிரைத்து மற்றொரு பகுதியை விட்டுவைப்பது என்று பொருள். நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதற்கு விளக்கம் சொன்ன நாஃபிஉ (ரஹ்) அவர்கள் சிறுவனின் தலையையே உதாரணமாகக் கூறினார்கள். பாதி சிரைத்த தலையுடன் ஒரு சிறுவனைக் கண்டபோது, ஒன்று முழுவதையும் சிரைக்கும்படியும் அல்லது முழுவதையும் விட்டுவிடும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். சிகிச்சை போன்ற காரணமின்றி இப்படிச் செய்வது மக்ரூஹ் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். பிள்ளை மீது சட்டக் கடமை இல்லாவிடினும், அதற்கு அழைத்துச் சென்று காசு கொடுக்கும் தகப்பனார் மீது உண்டு.

இப்போது சலூனில் காதுக்கு மேல் தோல் தெரிய மழித்து, உச்சியில் மட்டும் கோழிக்கொண்டை போல் நிறுத்துகிறார்களே, அது இதில் சேருமா? தோல் தெரிய மழித்திருந்தால் சேரும். கத்தரியாலோ மெஷினாலோ பக்கங்களைக் குறைத்து, முடி எஞ்சியிருந்தால் அது சிரைத்தல் ஆகாது. ஆகவே கஸஉ என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. பிடரியில் ஒதுக்குவதற்குப் புகாரியின் அறிவிப்பிலேயே இடமிருக்கிறது. எனினும் யாரைப் பார்த்து அந்த வேஷம் என்பது பிள்ளைக்கும் தெரியும், தகப்பனாருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் தடுப்பதும் பெரும்பாலும் இதைத்தான். ஸுன்னத் என்ற சொல்லை இதற்கு மேல் போர்த்துவது எனக்குச் சகிக்கவில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. முடி வெட்டி வராத பையனைக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்தி, எல்லோர் முன்னும் கத்தரியால் கன்னாபின்னாவென்று வெட்டிவிடுவது சில பள்ளிகளில் நடக்கிறது. பிள்ளைகளை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதை 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு தடை செய்கிறது. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராகப் பத்து ஆண்டுகள் நாயகத்திடம் ஊழியம் செய்தார்கள். ஒருமுறை கூடச் 'சீ' என்ற சொல்லை அவர்கள் கேட்டதில்லை. இப்படி அவமானம் நேர்ந்தால் தகப்பனார் தலைமையாசிரியரிடம் சென்று முறையிடுவது நியாயமே. சட்டம் சரி, நடத்தியவிதம் தவறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

உடை விஷயத்தில் நாம் உறுதியாக நிற்க வேண்டிய இடம் வேறு. சீருடையின் நிறமும் துணியும் பள்ளிக்கூடத்தின் விருப்பம். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் சிறு வகுப்புகளின் அரைக்கால்சட்டை தொடையின் பாதியில் நிற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது அவ்ரத். ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் அதில் சேரும். ஏழு வயதில் பிள்ளையைத் தொழ ஏவ வேண்டும் என்பது நபிமொழி. விவரம் அறிந்த சிறுவனின் தொழுகை கூடுவதற்கும் அவ்ரத் மறைந்திருப்பது நிபந்தனை என்று ஷாஃபிஈ சட்ட நூற்கள் கூறுகின்றன. மதிய இடைவேளையில் அதே கால்சட்டையோடு பள்ளிவாசலுக்கு ஓடிவந்து பின் ஸஃப்பில் நிற்கும் பிள்ளைகளை ஒவ்வோர் ஊரிலும் காணலாம். முடிக்காகத் தலைமையாசிரியரிடம் வாதாடிய தகப்பனார், அதே நிறத் துணியில் முழங்காலுக்குக் கீழ் இறங்கும் கால்சட்டைக்கோ முழுக்கால்சட்டைக்கோ அனுமதி கேட்டிருக்கலாம். மரியாதையாக எழுதிக் கேட்டால் பல பள்ளிகள் இசைகின்றன.

இசையாத பள்ளியாயிருந்தால், புத்தகப் பையில் ஒரு சிறிய கைலியை மடித்து வைத்து அனுப்புங்கள். லுஹருக்கு ஒளூச் செய்ததும் கால்சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டு தொழுதுவிட்டு வகுப்புக்குத் திரும்பலாம். மேல்வகுப்புப் பிள்ளைகளின் முழுக்கால்சட்டை கரண்டைக்குக் கீழ் புரளாதபடி தையற்காரரிடம் அளவு கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அவர் வளர்கிற பிள்ளையாயிற்றே என்று இரண்டு அங்குலம் கூட்டித் தைப்பார். அந்தத் துணியை உள்ளே மடித்துத் தைக்கச் சொன்னால் அடுத்த வருடத்திற்கும் ஆகும்.