பாய்மரத்தைத் தாங்கும் கம்பி

நம்ம ஊரில் மிதப்பது என்றால் அய்யங்குளத்துத் தெப்பம்தான். ஆனாலும் பாய்மரப் படகு நம் பாடத்துக்கு ரொம்பப் பக்கம்.

2018-ல் கோல்டன் குளோப் போட்டியில் தனியாக உலகைச் சுற்றிய கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகை, தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது, முதுகிலும் பலத்த அடி. செப்டம்பர் 24-ல் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. (மனுஷன் 2022-ல் மறுபடி கிளம்பி இரண்டாவதாக வந்தார்!)

புயலைத் தடுக்க முடியாது, கம்பியைக் கவனிக்கலாமே. பாய்மரத்தை நிறுத்துவது பெரும்பாலும் 19 இழை முறுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. துருப்பிடிக்காது என்று விட்டால் போச்சு. முனைக் குழலுக்குள் உப்புத்தண்ணீர் தங்கும். காற்றுப் படாத அந்த இடுக்கில்தான் அரிப்பு ஆரம்பம். கூடவே ஓயாத ஆட்டம். நாம் படித்த ஃபெட்டீக் இதுதான். பஞ்சைக் கம்பிமேல் இழுத்துப் பாருங்கள். சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. கிளம்பும்முன் மாற்றணும், எதிர்ப்பக்கத்து ஜோடிக் கம்பியையும் சேர்த்து.