அன்று பேசிய குரலே இன்றும்: வீட்டிலிருந்து வாய்ஸ் ஓவர் செய்பவர்களுக்கு

வாய்ஸ் ஓவர் வேலையில் முதல் ஃபைலை நன்றாக முடித்துக் கொடுப்பது பெரிய காரியமில்லை. மூன்று வாரம் கழித்து, "விலை மாறிவிட்டது, இரண்டு வரி மட்டும் மாற்றிப் பேசிக் கொடுங்கள்" என்று கேட்பார்களே, அங்கேதான் சோதனை. புது வரி பழைய ஒலியோடு ஒட்டவில்லை என்றால் முழு ஸ்கிரிப்ட்டையும் மறுபடி பேச வேண்டியதுதான். விலை உயர்ந்த மைக் இதைத் தீர்த்துவிடாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்கிற ஒழுங்குதான் தீர்க்கும்.

1. அளவுகளை முதலில் கேட்டு வாங்குங்கள்

ஒப்புக்கொள்ளும்போதே ஃபைல் வகை, சாம்பிள் ரேட், ஒலி அளவு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் வழக்கம். ஆடியோ புத்தகத்துக்குப் பெரும்பாலும் 44.1. ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் பின்பற்றும் ஈபியூ ஆர்128 விதிப்படி சராசரி ஒலி மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் இருக்க வேண்டும்.

கிளையன்ட் எதுவும் சொல்லாவிட்டால், ஆடியோ புத்தகத் தளமான ஏசிஎக்ஸ் வைத்திருக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். சராசரி ஆர்எம்எஸ் மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில். உச்சம் மைனஸ் 3 டெசிபலைத் தாண்டக் கூடாது. பேசாத இடத்தின் இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே இவற்றை அளந்துவிடலாம்.

2. அறையை அடக்குங்கள்

நம் வீடுகளில் சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும்தான். ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'கிணுகிணு' என்று வால் நீண்டால் அந்த வால் உங்கள் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொள்ளும். கார்டியாய்டு மைக் முன்பக்கம்தான் கூர்ந்து கேட்கும். அதன் முன்பக்கம் என்பது உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவர். ஆகவே கனத்த போர்வையையோ பஞ்சு மெத்தையையோ முதலில் அங்கே நிறுத்துங்கள். துணி நிறைந்த திறந்த பீரோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாலும் பலன் உண்டு. முட்டை அட்டை ஒட்டுவதால் தெருச் சத்தம் நிற்காது.

ஃபேன், ஏசி, அருகிலுள்ள ஃப்ரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். பதிவில் தாழ்ந்த சுருதியில் ஒரு ரீங்காரம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அந்த வழியாக நுழைவதுண்டு. பிறகு வாய் திறக்காமல் 30 விநாடி பதிவு செய்யுங்கள். இந்த 'ரூம் டோன்' பின்னால் வெட்டு விழும் இடங்களை நிரப்ப உதவும்.

3. இடத்தைக் குறித்து வையுங்கள்

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் நல்ல தொடக்கம். அந்தத் தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும்; அடிக்குரலும் வீங்கும். எனவே நாற்காலிக் கால், மைக் ஸ்டாண்டு இரண்டுக்கும் தரையில் டேப் ஒட்டுங்கள். மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருந்தால் மூச்சுக்காற்று அதில் மோதாது. கெயின் திருகு நிற்கும் இடத்தை மார்க்கரால் குறித்து, எல்லாவற்றையும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நின்று பேசினீர்களா, உட்கார்ந்தா என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

4. சோதனை வரி பேசுங்கள்

ஒவ்வொரு முறையும் ஒரே வரி. உதாரணமாக: "பாட்டி பச்சைப் பட்டில் பழநிக்குப் போனாள், சீக்கிரம் சேர்ந்தால் சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும்." பகரம் வெடிக்கிறதா, சகரம் சீறுகிறதா என்று இதிலேயே தெரிந்துவிடும். உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் நிற்கட்டும். கிளையன்ட் ஏற்றுக்கொண்ட பழைய பதிவின் மூலத்தில் ஒரு நிமிடத்தை எடுத்துவைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஹெட்போனில் கேளுங்கள். ஒட்டும் வரை ஸ்கிரிப்ட்டைத் தொடாதீர்கள்.

குரலும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முதல் பதிவு காலை பத்து மணிக்கு என்றால் திருத்தமும் அதே நேரத்தில் இருக்கட்டும். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். பாலும் தயிரும் சாப்பிட்டால் தொண்டை கட்டுகிறவர்கள் அன்று அவற்றைத் தவிர்க்கலாம். சளி பிடித்திருந்தால் ஒரு நாள் அவகாசம் கேட்பதே நல்லது; எந்த மென்பொருளும் மூக்கடைப்பை எடுக்காது.

5. ஒரே வரிசையில் மெருகேற்றுங்கள்

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, மிதமான கம்ப்ரெஷன், ஒலி அளவைச் சரிசெய்தல், கடைசியில் லிமிட்டர். இந்த வரிசையை ப்ரீசெட்டாகச் சேமித்து, ஒரு ப்ராஜெக்ட் முடியும் வரை மாற்றாதீர்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனை அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

இரைச்சலைக் கடைசியில் மறுபடி அளப்பது அவசியம். குரலின் சராசரி மைனஸ் 28, இரைச்சல் மைனஸ் 62 என்று வைத்துக்கொள்வோம். குரலை மைனஸ் 20-க்கு உயர்த்த 8 டெசிபல் கூட்டினால் இரைச்சலும் கூடவே ஏறி மைனஸ் 54-க்கு வந்து நிற்கும். முதலில் தேறிய இரைச்சல் அளவு இப்போது தேறாது. மருந்து மென்பொருளில் இல்லை; அறையை இன்னும் அமைதியாக்கி, மைக்குக்குச் சற்று நெருங்கிப் பேசுவதில் இருக்கிறது.

6. அனுப்பும் முன்

முழு ஃபைலையும் ஒருமுறை ஹெட்போனில், ஒருமுறை சாதாரண செல்போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். மெருகேற்றாத மூலத்தை 24 பிட் வேவ் ஃபைலாகத் தனியே சேமியுங்கள். எம்பி3-ஐத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் தரம் குறையும். ஃபைல் பெயரில் ப்ராஜெக்ட், தேதி, எத்தனையாவது திருத்தம் என்பவை இருக்கட்டும்.

திருத்தத்துக்கு எத்தனை வரி வரை கட்டணமில்லை, ஸ்கிரிப்ட் மாறினால் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இன்றைய பதிவை முடித்ததும் நோட்டில் இந்த நான்கு வரியை எழுதிவிட்டு எழுந்திருங்கள்: தூரம், கெயின், நேரம், ப்ரீசெட். திருத்தம் கேட்டு வரும் அடுத்த அழைப்புக்குத் தயங்காமல் "சரி" சொல்ல இது போதும்.