தலைக்கவசத்துக்குள் ஒரு போன்

கொடிகாமம் சந்தியில் நான் விழுந்தது பலாப்பழச் சீசனில். மிருசுவிலில் சொந்தக்காரர் வளவில் பிடுங்கிய பழத்தை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, ஏ9 வீதியால் வந்து வரணிக்குப் போகப் பருத்தித்துறை வீதிக்குள் வலப்பக்கம் திரும்பினேன். காலை எட்டு மணி. ரொறன்ரோவில் இரவு பத்தரை. மருமகன் கதைக்கிற நேரம். போனை எடுத்துத் தலைக்கவசத்துக்குள் வலது காதோடு செருகியிருந்தேன். எங்கட பக்கத்தில் பாதிப்பேர் இப்படித்தான் ஓடுகிறோம். கை இரண்டும் ஹாண்டிலில் இருக்கிறதுதானே என்று ஒரு நியாயம்.

சிக்னல் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்த வான் வலப்பக்கத்தால் முந்தியது. ஹோர்ன் அடித்ததாம், எனக்குக் கேட்டது மருமகனின் "மாமா, அங்க மழையோ?" மட்டும். வானோட்டி இறங்கியபோது அவர் கையிலும் போன், அதில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, பொலிசுக்குப் போனா இரண்டு பேருக்கும் அலைச்சல். இதிலயே கதைச்சு முடிப்பம்" என்றார். பதினையாயிரம் ரூபாய் நீட்டினார். எழும்பி நிற்க முடிந்தது, அதனால் வாங்கினேன். நான் செய்த பெரிய பிழை விழுந்தது அல்ல, அந்தக் காசை வாங்கியதுதான்.

மூன்றாம் நாள் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியது. முழங்கால் சில்லில் வெடிப்பு. அதற்குப் பிறகுதான் முறைப்பாடு கொடுத்தேன். வாகனங்கள் போய்விட்டன, வீதியில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. கடைப் பெடியன் ஒருவன் வானின் இலக்கத்தையும் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பத்திரங்களையும் படமெடுத்து வைத்திருந்தபடியால் தப்பினேன். ஆகவே, காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே பொலிசில் பதியுங்கள். பொலிஸ் தருகிற படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரியைப் பாருங்கள். அந்த அறிக்கை இல்லாவிட்டால் உங்கள் வலி வெறும் வாய்ப்பேச்சுத்தான். நடக்கமுடியாமல் கிடந்தால் 1990க்கு அடியுங்கள். 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிற இலவச அம்புலன்ஸ் அது.

நீதவான் நீதிமன்றத்தில் வானோட்டி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார். அது அரசாங்கத்துக்குப் போன காசு. எனக்கு ஒரு சதமும் இல்லை. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போடவேண்டும் என்று சட்டத்தரணி சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும், 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது. "காலம் கிடக்கு, பாப்பம்" என்று இருந்து காலத்தைத் தவறவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். வழக்கு விபரத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே அறிவிக்கவேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமாக இருப்பதே என்னைப் போல அடிபட்டவனுக்காகத்தான்.

நான் போட்ட வழக்கில் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி என்னிடம் அதிகம் கேட்கவில்லை. "விபத்து நேரம் உங்கள் போன் எங்கே இருந்தது?" பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மருமகனின் அழைப்பு நேரம் பதிவில் இருக்குமே. சொன்னேன். 1968இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி, அடிபட்டவனுடைய கவனயீனமும் சேர்ந்திருந்தால் அந்தப் பங்குக்கு நட்டஈட்டைக் குறைக்கலாம். அவர்களும் அதை வைத்தே பேரம் பேசினார்கள். கடைசியில் சமரசமாக முடித்தபோது கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு போனுக்குப் போய்விட்டது. வீதியில் வாங்கிய பதினையாயிரத்தையும் ஞாபகமாகக் கழித்தார்கள்.

மருந்துத் துண்டு, ஓட்டோக் காசு, வேலைக்குப் போகாத நாள், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தது உதவியது. நடுவீதியில் வெடித்துச் சிதறிய பலாப்பழத்தின் விலையையும் எழுதியிருந்தேன். என்னுடைய சட்டத்தரணி சிரித்துக்கொண்டே அதை மட்டும் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார்.