புகைக்குக் கட்டணம் நீதியா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சென்ற பருவத்தில் எங்கள் துறை மன்றத்தில் ஒரு சொற்போர் நடைபெற்றது. நகரக் காற்றைக் காப்பதற்காக வாகன ஓட்டிகளிடம் கட்டணம் பெறுவது நீதியே என்பது தலைப்பு. நான் எதிரணியில் பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கொதித்தேன் என்பதே பொருந்தும். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். நான் கட்டும் விடுதிக் கட்டணம் என் தந்தையார் ஓட்டும் பழைய டீசல் சரக்கு வண்டியின் வாடகையிலிருந்து வருவது. அத்தகைய வண்டியை மறித்துக் காசு கேட்பதை நான் எப்படி நீதி என்பேன்? நிறையக் கைதட்டல் கிடைத்தது. இறுதியில் நடுவராக அமர்ந்த பேராசிரியர் ஒரே ஒரு வினா எழுப்பினார். "வண்டி வைத்திருப்பவன் கதையைச் சொன்னாய் தம்பி. வண்டியே இல்லாமல் அந்தப் புகையைச் சுவாசிப்பவன் கதை எங்கே?"

எனக்கு விடை தெரியவில்லை. அதன்பின் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன். லண்டன் மாநகரை எடுத்துக்கொள்கிறேன். இந்த வழக்கின் இரு பக்கமும் அங்கே தெளிவாகத் தெரிகின்றன.

கருத்து புதியதன்று. கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் பிகூ 1920-இல் எழுதிய நூலிலேயே இது உண்டு. ஒருவன் தன் ஆதாயத்திற்காகச் செய்யும் செயலால் பிறருக்கு நேரும் கேட்டை அவன் விலையாகக் கொடுப்பதில்லை. அரசு வரியாக வாங்கினால் கணக்கு நேராகும் என்பது அதன் சாரம். சிங்கப்பூர் 1975-இலேயே நகர மையத்துள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கியது. ஆனால் அது நெரிசலுக்கான கட்டணம். லண்டனும் 2003 பிப்ரவரியில் 5 பவுண்டு நெரிசல் கட்டணத்துடன்தான் தொடங்கிற்று. புகையையே அளவுகோலாகக் கொண்ட 'யூலெஸ்' என்னும் திட்டம் 2019 ஏப்ரல் 8-இல் நகர மையத்தில் வந்தது. 2021 அக்டோபரில் உள்வட்டம் வரை விரிந்தது. 2023 ஆகஸ்ட் 29-இல் லண்டன் முழுவதையும் தழுவிற்று. வரையறைக்கு உட்படாத கார் அல்லது சிறு சரக்கு வண்டி ஓடும் ஒவ்வொரு நாளும் 12 பவுண்டு 50 பென்ஸ் கட்ட வேண்டும்.

அந்த வரையறை எது என்பதில் நம் வேதியியல் நுழைகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரண வெப்பநிலையில் அது ஆக்சிஜனோடு எளிதில் சேர்வதில்லை. என்ஜினுக்குள் எரியும் வெப்பத்தில் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. வெளியே வந்ததும் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி மூச்சுக்குழலை அரிக்கிறது. பெட்ரோல் காரின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கிப் பெட்டி, அதே புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடைக் கொண்டே இதனைத் திரும்பவும் நைட்ரஜனாக ஒடுக்கிவிடும். டீசல் புகையில் எரியாத ஆக்சிஜன் மிகுதியாக எஞ்சுவதால் அந்த ஒடுக்கவினை நடவாது. யூரியாக் கரைசலைத் தெளிப்பது போன்ற வேறு ஏற்பாடுகள் வேண்டும்; அவை பின்னாளில் வந்தவை. ஆகவே 'யூரோ 4' பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 0.08 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்குள் நிற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது, அதே காலத்து டீசல் காருக்கு 0.25 கிராம் வரை அனுமதி இருந்தது. டீசல் அந்த 0.08-க்கு இறங்கியது 'யூரோ 6' விதியில்தான். இதனால் 2006-இல் வாங்கிய பெட்ரோல் கார் லண்டனில் கட்டணமின்றி ஓட, 2013-இல் வாங்கிய டீசல் கார் கட்டணம் செலுத்துகிறது. புகையின் அளவே அளவுகோல் என்றால் இதில் பிழை காண இயலாது.

ஆனால் மனிதனை வைத்துப் பார்த்தால்? 12 பவுண்டு 50 பென்ஸ் என்பது செல்வந்தனுக்கும் குழாய் பழுதுபார்ப்பவனுக்கும் ஒரே தொகை. இன்னும் சொன்னால், செல்வந்தனின் புதிய கார் ஒரு பென்னியும் கட்டுவதில்லை. பழைய வண்டியை வைத்திருப்பவனே கட்டுகிறான். அவன் வேண்டுமென்றா பழைய வண்டியை வைத்திருக்கிறான்?

இன்னொரு குறையும் உண்டு. 2001-இல் பிரிட்டிஷ் அரசு கார் வரியைக் கார்பன் டை ஆக்சைடின் அளவோடு இணைத்தது. டீசல் கார் குறைந்த எரிபொருளில் ஓடுவதால் அதற்கு வரி குறைந்தது. மக்களும் டீசலுக்கு மாறினர். அரசு காட்டிய வழியில் சென்றவனிடமே பின்னால் அபராதம் கேட்பது போலாகிவிட்டது. போதாக்குறைக்கு 2015-இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனைக் கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது வெளியாயிற்று. வாங்கியவன் செய்த குற்றம் என்ன?

இதுவரை என் பழைய பேச்சேதான். இனிப் பேராசிரியரின் வினாவுக்கு வருகிறேன். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி லண்டனில் பத்து வீடுகளில் நான்குக்குச் சற்று மேல் காரே இல்லாதவை. புகையை உண்டாக்குவதில் பங்கில்லாமல் அதைச் சுவாசிப்பதில் மட்டும் பங்குள்ளவர்கள் இவர்கள். அவர்களிடம் யாரும் கட்டண ரசீது நீட்டுவதில்லை. ஆனால் நுரையீரல் கட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

எல்லா கிஸி-டெப்ரா என்னும் சிறுமியின் வீடு தென்கிழக்கு லண்டனில், வாகனங்கள் ஓயாது செல்லும் தெற்கு வட்டச் சாலைக்கு அருகில் இருந்தது. கடுமையான ஆஸ்துமாவால் மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய முப்பது முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். 2013 பிப்ரவரியில், ஒன்பது வயதில் இறந்தாள். தாயார் விடாது போராடியதால் மரண விசாரணை மீண்டும் நடந்தது. காற்று மாசு அவள் இறப்புக்குக் காரணங்களுள் ஒன்று என்று 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரிட்டனில் அவ்வாறு பதிவானது அதுவே முதல் முறை. இதைப் படித்த அன்று, என் சொற்போர்க் குறிப்புகளைத் திரும்பப் புரட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது தந்தையாரிடம் இதையெல்லாம் கூறி, "உங்களிடம் இப்படிக் கேட்டால் கொடுப்பீர்களா அப்பா?" என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "வண்டிய மாத்திக்க ஒரு வழி பண்ணிக் குடுத்துட்டு, அப்புறம் கேட்டா குடுக்கலாம்டா. முதல்ல காச வாங்கிட்டு வழியப் பின்னால சொல்றேன்னா, தவணைய யார் கட்டுறது?" என்றார். நான் படித்த கட்டுரைகள் பல பக்கங்களில் கூறியதும் இதைத்தான்.

ஸ்டாக்ஹோமில் அந்த வரிசை சரியாக இருந்தது. அங்கே நெரிசல் வரி 2006 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கியது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, 2005 ஆகஸ்டில், கூடுதல் பேருந்துகளை ஓட விட்டார்கள். ஜூலை இறுதியில் வரியை நிறுத்திவிட்டு, செப்டம்பரில் மக்களிடம் வாக்கு கேட்டார்கள். தொடக்கத்தில் பெரும்பாலோர் எதிர்த்த வரியை நகர மக்கள் சிறு பெரும்பான்மையில் ஏற்றார்கள். 2007 ஆகஸ்டில் அது நிலையானது.

லண்டனில் வரிசை தடுமாறியது. பழைய வண்டியை உடைப்புக்குக் கொடுத்தால் காருக்கு 2,000 பவுண்டு வரை உதவி என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆனால் காரைப் பொறுத்தவரை அது முதலில் குறைந்த வருவாய் உடையோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டுமே. எல்லா லண்டன்வாசிகளுக்கும் அது திறக்கப்பட்டது ஆகஸ்ட் 21-இல். கட்டணம் விரிந்தது 29-இல். இடையே எட்டு நாட்கள்! எல்லைக்கு வெளியே கென்ட், எசெக்ஸ் போன்ற மாவட்டங்களில் வாழ்ந்து லண்டனுக்குள் வேலைக்கு வருவோருக்கு அந்த உதவியும் இல்லை. கண்காணிப்புக் கேமராக்களை இரவில் அறுத்தெறியும் அளவுக்குச் சினம் வளர்ந்ததில் வியப்பில்லை. (அறுத்தது சரி என்று நான் சொல்லவில்லை.)

பயன் என்னவோ விளைந்தது. 2025 மார்ச்சில் மேயர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, சாலையோரக் காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு, இத்திட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 27 விழுக்காடு குறைவு என்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வண்டிகளுக்கு மேல் வரையறைக்குள் வந்துவிட்டன. அவை ஒன்றும் கட்டுவதில்லை. கட்டுபவர் குறையக் குறைய வெற்றி என்று கொள்ளும் கட்டணம் இது. பணம் சேர்க்கப் போட்ட வரி என்று மன்றத்தில் நான் முழங்கியது தவறு என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த முறை அத்தலைப்பு வந்தால் நான் மறு அணியில் அமர்வேன். ஆனால் அங்கே அமர்ந்தபடியே, அந்த எட்டு நாட்கள் ஏன் எட்டு மாதங்களாக இல்லை என்று என் அணியினரையும் கேட்பேன்.