பழைய கைப்பிடியும் புதிய பொறியும்

கருவிகள் காலந்தோறும் மாறுவன; அவற்றைக் கையாளும் கையோ பழகிய வழியிலேயே செல்ல விரும்புவது. எழுதுகோல் மாறினும் கையெழுத்து மாறாமை போல, விளையாட்டுப் பொறி மாறினும் ஆடுவோன் விரல்கள் தாம் பழகிய பொத்தான்களையே தேடுகின்றன. கன்சோல் எனப்படும் வீடியோ விளையாட்டுப் பொறி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுவடிவம் பெறுகின்றது. அதனை இயக்கும் கைப்பிடியாகிய கன்ட்ரோலரோ, நன்கு பேணப்படின், அதனினும் நெடுநாள் உழைக்கும். ஆதலின், பழைய கன்ட்ரோலர் புதிய கன்சோலோடு பொருந்துமா, பொருந்தாதாயின் அதற்குக் காரணம் யாது என்னும் வினாக்கள் எழுகின்றன.

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சரவணம்பட்டியில் இவை வீண் வினாக்கள் அல்ல. கல்லூரிகளும் கணினி நிறுவனங்களும் மிக்க இவ்வூரில், மாணவரும் இளம் பணியாளரும் பலர் ஓர் அறையிற் கூடி வாழ்கின்றனர். ஒருவர் கன்சோல் வாங்கினால் நால்வர் ஆடுவர். புதிய கன்ட்ரோலர் ஒன்றன் விலையோ சில ஆயிரம் ரூபாய். தமையன் ஆடிய பழைய கன்ட்ரோலர் வீட்டிற் பழுதின்றிக் கிடக்க, மற்றொன்றை விலைகொடுத்து வாங்க வேண்டுமா என்பதே கேள்வி.

தமிழ் பயிலும் எமக்கு இதனை ஆராயப் புணரியலே துணை செய்தது. பழைய கன்ட்ரோலரை நிலைமொழி என்றும், புதிய கன்சோலை வருமொழி என்றும் கொள்வோம். இரண்டும் கூடுமிடத்து இயல்பாதலும் உண்டு. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் நிகழ்தலும் உண்டு. ஒவ்வொன்றையும் முறையே காண்போம்.

இயல்பு

பொன்னும் மலையும் கூடிப் பொன்மலை ஆதல் போல, யாதொரு மாற்றமுமின்றிக் கூடுவன சில. 1977-ல் அமெரிக்காவில் வெளிவந்த அட்டாரி 2600 என்னும் பொறியின் ஜாய்ஸ்டிக் ஒன்பது துளைகள் கொண்ட செருகியை உடையது. மேல், கீழ், இடம், வலம், சுடுதல் என ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு கம்பி. இம்முறை மிக எளிதாகலின் பிறரும் அதனையே மேற்கொண்டனர். 1982-ல் வந்த காமடோர் 64 கணினியிலும் அதே ஜாய்ஸ்டிக் தடையின்றி இயங்கியது. அண்மைக் காலத்துச் சான்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாருடையது. 2013-ல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் பொறியின் கன்ட்ரோலர்கள், 2020-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் பொறிகளிற் புதிய ஆட்டங்களுக்கும் பயன்படுகின்றன. இயல்பாகக் கூடுதல் அரிதன்று என்பதும், அமைப்போர் முன்னரே கருதினால் எளிதில் நிகழும் என்பதும் இவற்றால் விளங்கும்.

தோன்றல்

மணி, அழகு என்னும் சொற்கள் நேரே கூடாமையின் இடையே யகரம் தோன்றி மணியழகு என இணைக்கின்றது. இதனை உடம்படுமெய் என்பர். அடாப்டர் எனப்படும் இணைப்புக் கருவி செய்யும் வேலையும் இதுவே. பழைய குழாயைப் புதிய மோட்டாருக்குப் பொருத்த ரெடியூசர் வைக்கும் கொங்கு நாட்டு உழவர்க்கு இது புதிதன்று.

நின்டெண்டோ நிறுவனத்தார் 2001-ல் கேம்கியூப் என்னும் பொறியை வெளியிட்டனர். அதன் கன்ட்ரோலரை, 2006-ல் வந்த வீ என்னும் பொறியின் தொடக்க வடிவங்களில் நேரே செருகலாம். அடுத்து வந்த வீ யூ என்னும் பொறியில் அவ்வாய்கள் இல்லை. ஆயினும் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்னும் ஆட்டத்தில் தேர்ந்தோர் பழைய கன்ட்ரோலரையே விரும்பினமையால், 2014-ல் அந்நிறுவனமே ஓர் அடாப்டரை விற்றது. 2017-ல் ஸ்விட்ச் என்னும் பொறியும் மென்பொருட் புதுக்கம் ஒன்றனால் அந்த அடாப்டரை ஏற்றது. 2001-ன் கைப்பிடி, பதினாறு ஆண்டு கழிந்தும் கைவிடப்படவில்லை. ஆடுவோர் விருப்பம் வலிதாயின் அமைப்போரும் இசைவர் என்பதற்கு இது நற்சான்றாகும்.

திரிதல்

செருகி பொருந்தினும் மொழி பொருந்தாமை உண்டு. நின்டெண்டோவின் என்.இ.எஸ். கன்ட்ரோலர் (1985) தன் எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரே கம்பி வழியாக ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும். இக்காலத்து யூ.எஸ்.பி. முறையோ அனைத்தையும் ஒரு தொகுதியாகக் கட்டி அனுப்பும். ஆகவே இடைநிற்கும் அடாப்டரினுள் ஒரு சிறு கணிப்பான் அமர்ந்து, முன்னதன் மொழியைப் பின்னதன் மொழியாகத் திரிக்கின்றது. இதற்குச் சிறிது நேரம் செல்லும். திரை விநாடிக்கு 60 படங்களைக் காட்டுமாயின் ஒரு படத்திற்குரிய காலம் ஏறத்தாழ 17 மில்லி விநாடி. தாமதம் அதனைக் கடப்பின் தேர்ந்த ஆட்டக்காரன் கை அதனை உணரும்.

தமிழுலகிலும் இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தவராகிய முத்தையா என்பார் வகுத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியில் விரல் பழகியோர் பல்லாயிரவர். கணினி வந்தபோது அவர் கைப்பழக்கத்தை என் செய்வது? ‘கெ’ என்னும் எழுத்தைத் தட்டச்சர் கண்ணுக்குத் தோன்றும் முறையிற் கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னுமாக அடிப்பார். யூனிகோடு முறையிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகப் பதிவாகும். 1999-ல் தமிழ்நாட்டரசு தமிழ்99 என்னும் புதிய விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. 2010 ஜூன் மாதம் நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்தபோது யூனிகோடு முறையும் அரசின் தரமாயிற்று. ஆயினும் என்.எச்.எம். ரைட்டர் முதலிய மென்பொருள்கள் பழைய தட்டச்சு முறையையும் உடன் வைத்தன. தட்டச்சர் பழகியவாறே அடிக்க, மென்பொருள் வரிசையை மாற்றிப் பதிந்துகொண்டது. புதுமை வந்தது, பழகிய கையும் வேலை இழக்கவில்லை.

கெடுதல்

மரமும் வேரும் கூட மரவேர் ஆகி மகரம் கெடுதல் போல, சில கூட்டங்களில் ஒரு சில பயன்கள் கெடுகின்றன. 1994-ல் தோன்றிய முதற் பிளேஸ்டேஷனுக்குரிய டூயல்ஷாக் கன்ட்ரோலர், 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2-ல் அதே வாயிற் பொருந்தியது. ஆனால் பொத்தானை அழுத்தும் அளவை அறியும் புதிய திறன் அதற்கில்லை. 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-ல் முந்தைய ஜாய்-கான் கைப்பிடிகள் கம்பியின்றி இணையும். பொறியின் பக்கத்திற் பொருந்தி நில்லா, உறங்கும் பொறியை எழுப்பவும் மாட்டா. இவை குறைகளேயாயினும் ஆட்டத்தை முற்றும் தடுப்பன அல்ல. குறையை அறிந்து ஏற்பது பயன்படுத்துவோன் உரிமை.

இசைவின்மை

இனிக் கூறப்போவது இலக்கணத்தில் அடங்காதது. கூடுதற்குத் தடையேதும் இல்லாதிருந்தும், கூடலாகாது என்று வாயிலிற் காவல் வைத்தலே அது. பிளேஸ்டேஷன் 4-க்குரிய டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர், பிளேஸ்டேஷன் 5-ல் பழைய ஆட்டங்களை மட்டுமே ஆட உதவும் என்று சோனி நிறுவனத்தார் 2020 ஆகஸ்டில் அறிவித்தனர். அப்பொறி வெளிவந்தபின், ரிமோட் பிளே முறையிற் கணினி வழியாக இணைத்தோர் அதே கன்ட்ரோலரால் புதிய ஆட்டங்களையும் ஆடினர். ஆகவே தடை கருவியின் இயலாமையன்று, அமைத்தோர் இசைவின்மையே. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரும் தம் உரிமம் பெறாத பிற நிறுவனக் கருவிகளை எக்ஸ்பாக்ஸ் ஏற்காதவாறு செய்தனர். நேற்றுவரை இயங்கிய அடாப்டர்கள் சில மறுநாள் பயனற்றன.

அமைப்போர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பிளேஸ்டேஷன் 5-ன் புதிய கன்ட்ரோலரில் விரலுக்கு எதிர்விசை தரும் விசைகள் உள்ளன. அவற்றை நம்பி அமைத்த ஆட்டம் பழையதிற் சுவை குன்றலாம். அடாப்டர் வடிவில் வரும் ஏமாற்றுக் கருவிகள் நேர்மையாக ஆடுவோர்க்கு இடையூறு செய்வதும் உண்மையே. எனினும், சுவை குன்றும் என்று எச்சரித்தல் வேறு; ஆடவே கூடாது என விலக்குதல் வேறு. கள்வனை அஞ்சிக் கதவடைப்போர் விருந்தினரையும் வெளியே நிறுத்துதல் தகுமோ?

இவ்விலக்கால் மிக வருந்துவோர் உடற்குறை உடையோர். தம் கைக்கேற்பத் தேடித் திருத்திய ஒரே கருவியால் ஆடுவோர் பலர். அவர்க்கு அது மாற்றக்கூடிய பொருளன்று. இதனை உணர்ந்தே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2018-ல் அடாப்டிவ் கன்ட்ரோலரை வெளியிட்டனர். அதன் பின்புறத்துள்ள 19 சிறு துளைகளில், ஏற்கெனவே வழக்கிலிருந்த பொத்தான், மிதி முதலிய துணைக்கருவிகளைச் செருகலாம். பல வகைக் கைகளுக்கும் இடந்தந்த அந்நிறுவனமே ஐந்தாண்டு கழித்து வாயிலைக் குறுக்கியது வியப்பே. சோனி நிறுவனத்தாரும் 2023 டிசம்பரில் ஆக்ஸெஸ் என்னும் கன்ட்ரோலரால் இவ்வகைத் துணைக்கருவிகளுக்கு இடந்தந்தனர்.

சட்டமும் ஓரளவு உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி, கையடக்க விளையாட்டுப் பொறி முதலியவை ஒரே வகை மின்னேற்று வாயுடன் விற்கப்பட வேண்டும். நம் நாட்டிலும் 2022-ல் இயற்றப்பட்ட மின்னணுக் கழிவு விதிகள் வீடியோ விளையாட்டுக் கருவிகளைத் தம்முள் அடக்கின. ஆனால், உழைக்கும் பொருளைக் கழிவாக்காமல் இருப்பதே முதற் காப்பு.

முடிவுரை

ஆகவே புதிய கன்சோல் வாங்கும் மாணவர் மூன்று வினாக்களை வினவுதல் நலம். செருகி பொருந்துமா? பொருந்தாதாயின் அடாப்டர் உண்டா, அதன் விலை புதிய கன்ட்ரோலரின் விலையினும் குறைவா? நாம் ஆட விரும்பும் ஆட்டத்திற்கே அப்பொறி பழைய கன்ட்ரோலரை ஏற்குமா? மூன்றாவதனை மறந்தோரே பெரும்பாலும் பணத்தை இழக்கின்றனர். எதற்கும் உதவாத பழைய கன்ட்ரோலரும் கணினியோடு இணைந்து பயன்படுதல் உண்டாதலின் அதனை உடனே எறிதல் வேண்டா.

நம்மிற் பலர் நாளை இவ்வூர்க் கணினி நிறுவனங்களிற் புதிய கருவிகளை வகுப்போராவர். அன்று, பழைய கருவிக்கு இடந்தருவதா, கதவடைப்பதா என்று முடிவு செய்வோர் நாமே. இயல்பாகக் கூடுமாயின் கூடவிடுக. கூடாதாயின் ஓர் உடம்படுமெய்யை அமைக்க. ஒரு பயன் கெடுமாயின் அதனை வெளிப்படச் சொல்லுக. கூடத்தக்கதைக் கூடாதென விலக்காதிருப்பதே பழகிய கைக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.