சுங்குடிச் சேலைக்கு ஒற்றை நட்சத்திரம்

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலைகளை ஆன்லைனில் விற்கிறேன். பெரிய விற்பனைத் தளம் ஒன்றிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓரளவு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பிரச்சினைகள். ஒருவர், முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கி மகளின் வெள்ளைச் சட்டை பாழாகிவிட்டது, இது போலிச் சேலை என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். இன்னொருவர் ரிட்டர்ன் போட்டார். பார்சலைப் பிரித்தால் நான் அனுப்பாத, வெளுத்துப்போன பழைய சேலை. மூன்றாமவர், பாதிப் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் மோசமாக ரிவ்யூ எழுதுவேன் என்று வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார். கணவர் 'கொடுத்துத் தொலை' என்கிறார். தங்கையோ அந்த மெசேஜை நம்பரோடு இன்ஸ்டாவில் போடச் சொல்கிறாள். என்ன செய்வது?
— வாசகி, மதுரை

பதில்: மூன்றும் அடுத்தடுத்து வந்ததால் மூவர் மீதும் ஒரே கோபம் வருகிறது. ஆனால், சாயம் போனதாகச் சொன்னவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அவரிடமிருந்தே தொடங்குவோம்.

சுங்குடியில், அதிலும் அடர்ந்த சிவப்பிலும் கருநீலத்திலும், முதல் சில அலசலில் சாயம் இறங்கும். மதுரைக்காரர்களுக்கு இது தெரியும். கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக நனைத்து நிழலில் உலர்த்துவோம். புனேயில் உட்கார்ந்து செல்போனில் படம் பார்த்து வாங்குகிறவருக்கு இதை யார் சொல்வது? உங்கள் விற்பனைப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருந்ததா என்று முதலில் பாருங்கள். இன்னொன்றையும் மனசாட்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சேலை, நூலால் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, மெழுகு அச்சில் புள்ளி வைத்ததா? கடைகளில் இரண்டையும் சுங்குடி என்றுதான் விற்கிறார்கள். உழைப்பிலும் விலையிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அச்சுச் சேலைக்குக் 'கை முடிச்சு' என்று எழுதியிருந்தால், 'போலி' என்ற குற்றச்சாட்டுக்கு உங்களிடம் பதில் கிடையாது. புவிசார் குறியீடு பெற்ற ஒரு ஊர்ப் பொருளின் பெயரைச் சொல்லி விற்கிறோம்; அந்தப் பெயரில் முடிச்சுப் போடும் பெண்களின் வயிற்றுப்பாடும் இருக்கிறது.

சட்டமும் இந்த இடத்தில் வாங்குபவர் பக்கம்தான். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திருப்பி வாங்க விற்பவர் மறுக்க முடியாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பலர் 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். குறையுள்ள சரக்கு விஷயத்தில் அந்த வரி காப்பாற்றாது. பில்லில் காலக்கெடு எதுவும் குறிக்காவிட்டால், குறையுள்ள சரக்கை 30 நாளுக்குள் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

ஆகவே, பக்கத்தில் அந்த வரி இல்லாவிட்டால் அதைச் சேர்த்துவிட்டு, அவருக்கு இப்படி எழுதுங்கள்: 'உங்கள் மகளின் சட்டை பாழானதற்கு மிகவும் வருந்துகிறோம். இந்தச் சேலையை முதல் சில முறை தனியாக அலச வேண்டும். பக்கத்தில் அதைச் சொல்லாதது எங்கள் தவறு; இப்போது சேர்த்துவிட்டோம். சேலையைத் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறோம்.' அவ்வளவு போதும். 'நீங்கள்தான் துவைக்கத் தெரியாமல்' என்ற தொனி ஒரு சொல்லில்கூட வரக்கூடாது. தளம் பொதுவில் பதில் எழுத இடம் தந்தால் அங்கேயும் இதையே போடுங்கள். இனி வாங்க வருகிறவர்கள் அந்த ஒற்றை நட்சத்திரத்தையும் படிப்பார்கள், அதற்கு நீங்கள் பேசிய விதத்தையும் படிப்பார்கள்.

ரிவ்யூவை நீக்கச் சொல்லிக் கேட்கலாமா என்ற எண்ணம் வரும். எங்கே எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அமேசான் போன்ற தளத்தில் பொருளுக்கான ரிவ்யூ வேறு, விற்பவருக்கான ஃபீட்பேக் வேறு. விற்பவருக்கான இடத்தில் முழுக்க முழுக்கப் பொருளைப் பற்றியே எழுதியிருந்தால் நீக்கக் கோரலாம். ஆபாச வார்த்தையோ, ஒருவரின் சொந்த விவரமோ இருந்தாலும் கோரலாம். பொருளுக்கான ரிவ்யூவில், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது அவர் உரிமை; விட்டுவிடுங்கள். அதை மூழ்கடிக்கச் சித்தி மகளையும் பக்கத்து வீட்டாரையும் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லவே சொல்லாதீர்கள். விற்பவரே வாடிக்கையாளர் போல ரிவ்யூ எழுதுவதை மேலே சொன்ன 2020 விதிகளே தடுக்கின்றன.

பழைய சேலை வந்த விஷயத்தில் வாங்கியவரைத் திருடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பார்சல் பல கை மாறி வருகிறது. பிக்கப்பிலோ கிடங்கிலோகூட மாறியிருக்கலாம். நீங்கள் வழக்காட வேண்டியது தளத்தோடு. இப்படி மாறி வந்த ரிட்டர்னுக்கு இழப்பீடு கேட்பதற்கு அமேசானில் சேஃப்-டி கிளெய்ம் என்று பெயர், ஃபிளிப்கார்ட்டில் எஸ்.பி.எஃப். கெடு குறுகியது, நாளைக் கடத்தினால் போச்சு. ஆதாரம் இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். இனி எந்த ரிட்டர்ன் வந்தாலும் வெட்டு ஒட்டு இல்லாத ஒரே வீடியோவில் பிரியுங்கள்: முதலில் லேபிளும் டிராக்கிங் எண்ணும், பிறகு பார்சலின் எல்லாப் பக்கமும் ஒட்டிய டேப்பும், அப்புறம்தான் கத்தரிக்கோல். அனுப்பும்போதும் சேலையை மடித்துப் பையில் போடுவதை எடுத்து வையுங்கள். முந்தானை ஓரத்தில் எண் எழுதிய சிறு டேக் ஒன்றைத் தைத்துவிட்டு, அது அறுந்திருந்தால் அணிந்த சேலையாகக் கருதப்படும் என்று முன்கூட்டியே பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

மிரட்டுகிறவருக்கு ஒரு ரூபாய் தராதீர்கள். ரிவ்யூ எழுதாமலிருக்கவோ மாற்றவோ பணம் கொடுப்பதை அமேசான் போன்ற தளங்கள் விற்பவரின் குற்றமாகவே பார்க்கின்றன, கணக்கே முடங்கலாம். அவர் மிரட்டினார், ஆனால் மாட்டுவது நீங்கள். அவர் தளம் வழியாக வாங்கியிருந்தால் வாட்ஸ்அப்பில் பேச்சை வளர்க்காமல், தளத்தின் மெசேஜ் பெட்டியில் இரண்டு வரி போடுங்கள்: 'குறை இருந்தால் போட்டோ அனுப்புங்கள். ரிட்டர்ன் போட்டால் விதிப்படி முழுப் பணம் வரும். பாதிப் பணம் தரும் வழக்கம் இல்லை.' மிரட்டல் மெசேஜைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தளத்துக்குப் புகார் கொடுங்கள். அதற்கு மேலும் அவர் எழுதினால் எழுதட்டும். அப்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

தங்கை சொன்னதைச் செய்ய வேண்டாம். அந்த நம்பர் சேலையைக் கொண்டுசேர்க்க உங்களை நம்பித் தந்தது. அதைப் பொதுவில் போட்டால் கண்டவனெல்லாம் அழைப்பான். அதன்பின் புகார் கொடுக்கும் இடத்தில் அவர் இருப்பார், பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

கணவர் சொன்ன 'கொடுத்துத் தொலை' சரியான யோசனைதான், ஆள்தான் மாறிவிட்டது. அந்தப் பணம் மிரட்டாமல் புலம்பிய முதலாமவருக்குப் போகட்டும். முடிந்தால் சட்டைக்கும் சேர்த்துக் கொடுங்கள், ரிவ்யூவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல். இன்றைக்கே அவருக்கு எழுதிவிடுங்கள்.