களரியைச் சுற்றி ஒரு வேலி
(ஊர்க் கலைவிழாக்களில் சிறுவரையும் நலிந்தோரையும் பாதுகாத்தல்)

ஊரைவிட்டு எழும்பி வரும்போது நெல்லையும் மாட்டையும் விட்டுவிட்டு வர நேர்ந்தது. கூத்தை எவரும் விட்டுவிட்டு வரவில்லை. நெஞ்சிலிருக்கும் பாட்டை ஏற்றிவர உழவு இயந்திரம் தேவையில்லை. ஆகவேதான் முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும், வயல் திருந்துவதற்கு முன்னரே, பல இடங்களில் மத்தளம் ஒலிக்கத் தொடங்கியது. ஒரு நாட்டுக்கூத்து, ஒரு பாஸ்கு, பிள்ளைகளின் ஒரு கலைவிழா: இவை சிதறிய மக்களை மறுபடி ஓர் ஊராக்குகின்றன.

இவ்விழாக்களில் சம்பளம் பெறுபவர் எவருமில்லை. அண்ணாவியார், மத்தளக்காரர், உடுப்புக் கட்டுபவர், மேடை போடும் இளைஞர், தேநீர் ஊற்றும் தாய்மார் என யாவரும் மனமுவந்து வருபவர்களே. இது விழாவின் அழகு. எனினும் இதிலேயே ஒரு பலவீனமும் உண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எல்லோருடைய வேலை என்று நினைக்கும்போது, ஈற்றில் அது ஒருவருடைய வேலையுமில்லாமல் போகிறது. அந்த ஓட்டையை எவ்வாறு அடைப்பது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பழைய ஊரும் இன்றைய ஊரும்

பழைய ஊரில் கூத்துப் பழகும் வளவிலே ஓர் ஆச்சி பாயில் இருந்து வெற்றிலை இடிப்பார். எந்தப் பிள்ளை வந்தது, யாருடன் போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அறியாத முகம் ஒன்று வந்தால், "தம்பி, நீ ஆற்றை பிள்ளை?" என்று கேட்பார். அந்தக் கேள்வியே ஒரு காவல்.

இடப்பெயர்வு அந்தக் காவலைக் குலைத்துவிட்டது. நாலு ஊர்ச் சனம் ஒரே இடத்தில் வாழ்கிறது. பக்கத்துக் கொட்டிலில் இருப்பவரின் பூர்வீகம் நமக்குத் தெரியாது. தகப்பனை இழந்த பிள்ளைகள் பலர். தாய் கூலிவேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார். பிள்ளை தனியே இருப்பதைவிடக் கூத்துப் பழகும் இடத்தில் இருப்பது நல்லது என்று நம்பி அனுப்புகிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் கடமைப்பட்டவர்கள். முன்பு ஊர்க் கண்கள் செய்த வேலையை இன்று நாம் கூடி எழுதிவைத்த ஓர் ஒழுங்கு செய்ய வேண்டும்.

2. யாரைக் காக்க வேண்டும்?

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயம் 1989இல் நிறைவேறியது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 18 வயது நிறையாத அனைவரும் சிறுவரே. அரச வேடமிட்டு மீசை வைத்து ஆடும் 17 வயதுப் பொடியனும் சிறுவன்தான்.

வளர்ந்தவர்களிலும் சிலருக்குத் தனிக் கவனம் வேண்டும். தள்ளாத முதியோர், மாற்றுத்திறனுடையோர், வாய் பேசாதோர், மனநோயால் துன்புறுவோர், பிறர் உதவியில் தங்கியிருக்கும் விதவைகள் ஆகியோர் இவர்கள். புத்தி சுகமில்லாத ஒருவரை மேடையேற்றிச் சனத்தைச் சிரிக்க வைப்பது சில இடங்களில் வழக்கம். அது நகைச்சுவையல்ல, அவமதிப்பு. ஆயினும் அவரை வீட்டில் பூட்டி வைப்பதும் பாதுகாப்பாகாது. மாற்றுத்திறனுடையோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே உண்டு. "உங்களுக்கு ஆட விருப்பமா? என்ன உதவி வேண்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். விழா அவருக்கும் உரியது.

3. ஆபத்து எங்கிருந்து வருகிறது?

"ஆரோ பிறத்தியான் வந்து பிள்ளையைக் கொண்டு போய்விடுவான்" என்றே நாம் அஞ்சுகிறோம். உண்மையில், பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் தெரிந்தவராகவே இருக்கிறார். வேலியே பயிரை மேய்வது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அத்தகையவர் முதல் நாளிலேயே தீங்கு செய்வதில்லை. ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுப்பார். இனிப்பு, கைத்தொலைபேசி, புது உடுப்பு என்று கொடுப்பார். மோட்டார் சைக்கிளில் தனியே ஏற்றிச் செல்வார். "உனக்குத்தான் ராசா பாட்டு, ஆனால் தனியாகப் பழக வேண்டும்" என்பார். பிறகு, "இதை அம்மாவுக்குச் சொல்லாதே" என்பார். பிள்ளைகளிடம் அன்பாயிருக்கும் எல்லோரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு: தனிமை, இரகசியம். இவ்விரண்டும் சேருமிடத்தில் பெரியவர்கள் தலையிட வேண்டும்.

அதிகாரத்தையும் மறவாதீர்கள். வேடம் கொடுப்பவருக்குப் பிள்ளைமீது அதிகாரம் உண்டு. நிவாரணப் பட்டியல் எழுதுபவரே விழாக் குழுவிலும் இருந்தால், அவருக்கு எதிராக ஒரு விதவைத் தாய் வாய் திறப்பாரா? ஆகவே உதவி வழங்கும் பொறுப்பும் விழாவில் முறைப்பாடு கேட்கும் பொறுப்பும் ஒருவரிடமே இருத்தல் கூடாது.

4. பழகும் காலத்தில்

விழா இரவைப் பற்றியே நாம் அதிகம் யோசிக்கிறோம். ஆனால் சட்டம் கொடுத்த நாள் தொடங்கி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேறும் வரை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பிள்ளைகள் இரவிரவாக வந்து போகிறார்கள். காவல் அங்கேயே தொடங்க வேண்டும். பின்வரும் ஒழுங்குகள் பணச் செலவில்லாதவை:

(அ) இருவர் விதி. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் மூடிய இடத்தில் தனியே இருக்கலாகாது. தனியாகப் பழக்க வேண்டுமானால் மற்றவர் கண்ணுக்குத் தெரியும் விறாந்தையிலோ முற்றத்திலோ பழக்கலாம். அண்ணாவியார், ஆசிரியர், பங்குத்தந்தை எவரும் இவ்விதிக்கு விலக்கல்லர். இது நேர்மையான தொண்டரையும் வீண்பழியிலிருந்து காக்கும்.

(ஆ) தொண்டர் கொப்பி. உதவிக்கு வரும் ஒவ்வொருவரின் பெயர், இருப்பிடம், முன்பு இருந்த ஊர், அவரை அறிந்த இருவரின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். அந்த இருவரிடமும் விசாரியுங்கள். முன்பு பிள்ளைகள் விடயத்தில் குறை கேட்கப்பட்டவருக்கு மேடை கட்டும் வேலையும் வேண்டாம்.

(இ) வரவும் போக்கும். பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, யார் கூட்டிச் சென்றார் என்று குறியுங்கள். கூட்டிச் செல்பவரின் பெயரைத் தாயே முற்கூட்டித் தர வேண்டும். கூட்டிப் போக ஆளில்லாத பிள்ளைகளை மாதர் சங்கத்தார் இருவர் ஒன்றுசேர்த்து வீடு வீடாக விடலாம்.

(ஈ) அடி வேண்டாம். "அடித்தால்தான் தாளம் வரும்" என்று சிலர் சொல்வர். பாடசாலைகளிலேயே பிரம்படி 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையால் தடுக்கப்பட்டது. சிறுவரைக் கொடுமைப்படுத்துதல் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றமாகும். அடிக்குப் பயந்த பிள்ளை, வேறு தீங்கு நேர்ந்தாலும் அந்தப் பெரியவரிடம் வந்து சொல்லாது.

5. விழா இரவில்

பிள்ளைப் பொறுப்பாளர் இருவரை நியமியுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அன்றிரவு அவர்களுக்கு வேறு வேலை கொடாதீர்கள். கையில் ஒரு நிறத் துணி கட்டி, அவர்கள் யார் என்பதை ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். கடமையிலுள்ள எவரும் மது அருந்தியிருத்தல் ஆகாது.

உடுப்பு மாற்றும் இடம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சிறுவருக்கும் வேறு வேறாக இருத்தல் வேண்டும். முன்னாளில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். இன்று பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஆகவே சேலை உடுத்துவதற்கும் ஒப்பனை செய்வதற்கும் பெண்கள் வேண்டும். பொருட்களை எடுக்க வருகிறோம் என்று ஆண்கள் அங்கே நுழைவதை நிறுத்துங்கள்.

வெளிச்சம் மேடைக்கு மட்டும் போதாது. மலசலகூடத்துக்கும் அங்கே போகும் வழிக்கும் விளக்கு வேண்டும். ஜெனரேற்றர் நின்றுபோனால் கொளுத்துவதற்கு டோர்ச்சும் லாம்பும் தயாராக இருக்கட்டும். கட்டில்லாத கிணற்றை அடையுங்கள். குளக்கட்டுப் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். மின்கம்பியைப் பிள்ளைகள் நடக்கும் வழியில் போடாதீர்கள். பாம்பு கடித்தாலோ ஒருவர் மயங்கி விழுந்தாலோ 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

நடுச்சாமத்தில் சிறுபிள்ளைகள் மேடைக்குப் பின்னால் சாக்கிலே சுருண்டு படுப்பார்கள். அப்படி விடாதீர்கள். சனத்தின் பார்வையில் ஓர் இடத்தில் பாய் விரித்து, இரண்டு தாய்மாரைக் காவலிருத்துங்கள். சிறுபிள்ளைகளின் ஆட்டத்தை முன்னிரவிலேயே முடித்தல் நன்று.

பிள்ளை தவறிவிட்டால், கண்டெடுத்த பிள்ளையின் பெயரையும் சட்டை நிறத்தையும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டாம். "ஒரு பிள்ளை எங்களிடம் நிற்கிறது, தேடுபவர்கள் வாருங்கள்" என்று மட்டும் அறிவியுங்கள். வருபவரே அடையாளம் சொல்லட்டும். பிள்ளையின் முகத்தையும் பாருங்கள். பிள்ளை அவரிடம் போகப் பின்வாங்கினால் கொடாதீர்கள்.

6. படமும் கைத்தொலைபேசியும்

இன்று விழாவுக்கு வருபவர்களில் அநேகரின் கையில் ஒரு கமெரா இருக்கிறது. மேடையில் ஆடுவதைப் படமெடுப்பது வேறு, உடுப்பு மாற்றும் இடத்தில் எடுப்பது வேறு. பின்னையது எக்காரணத்துக்காகவும் கூடாது. பிள்ளையின் படத்தை முகநூலில் போட முன் பெற்றாரிடம் கேளுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். பெயர், பாடசாலை, இருக்கும் இடம் மூன்றையும் சேர்த்துப் போடவே வேண்டாம். எவருக்கும் தெரியாமல் வாழ விரும்பும் குடும்பங்களும் நம் நடுவே உண்டு.

7. பிள்ளை வந்து சொன்னால்

பிள்ளை முழுக்கதையையும் ஒரே மூச்சில் சொல்லாது. "நான் இனிக் கூத்துக்கு வரமாட்டன்" என்பதே சிலவேளை முதல் வார்த்தையாக இருக்கும். ஏசாமல், அவசரப்படாமல் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது. இது உன்ரை பிழையில்லை" என்று சொல்லுங்கள். "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஏனெனில் உதவி செய்யக்கூடியவர்களுக்கு நீங்கள் சொல்லியே ஆகவேண்டும். துருவித் துருவிக் கேளாதீர்கள். ஆளுக்கு ஆள் முன்னிலையில் பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது இரண்டாவது கொடுமை. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதித் திகதியிடுங்கள்.

உடலில் தீங்கு நடந்திருந்தால் குளிக்க வைக்காமலும் உடுப்பைக் கழுவாமலும் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரை நீங்களே பிடித்து அடிக்கவோ விசாரிக்கவோ வேண்டாம். அவரை உடனே விழாப் பணியிலிருந்து விலக்குங்கள்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. இரவு பகலாக, இலவசமாக, தமிழிலும் பேசலாம். பெண்களுக்கு 1938. பொலிஸ் அவசர உதவிக்கு 119. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவையும், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நாடலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

8. ஊர் மானம் எது?

இவ்வளவும் எழுதி வைத்தாலும், ஒரு கட்டத்தில் யாராவது சொல்வார்: "வெளியிலே தெரிந்தால் ஊர் மானம் போய்விடும். அடுத்த வருசம் கூத்து நடக்காது. நாங்களே பேசி முடிப்போம்." பேசி முடித்தல் என்றால் என்ன? காசு கொடுத்தல், மன்னிப்புக் கேட்பித்தல், அல்லது பெண்பிள்ளையை அந்த ஆளுக்கே கட்டிக் கொடுத்தல். 16 வயதுக்குக் குறைந்த சிறுமியின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகக் கொள்வதில்லை. அப்படியிருக்க அதனைக் கல்யாணத்தால் மூடுவது எவ்வாறு நியாயமாகும்? மூடி மறைத்தால் அந்த ஆள் அடுத்த பிள்ளையிடம் போவார். மற்றப் பிள்ளைகள் இதைப் பார்த்து, சொல்வதால் பயனில்லை என்று வாய் மூடிக்கொள்வார்கள்.

விழாக் குழு நீதிமன்றமல்ல. உண்மையா பொய்யா என்று தீர்ப்பது எமது வேலையன்று. உரிய இடத்தில் அறிவித்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் நிற்பதே எமது வேலை. ஒரு வருடம் கூத்து நின்றால் மறு வருடம் ஆடலாம். "எனக்கு நடந்ததைச் சொன்னேன், பெரியவர்கள் கேட்டார்கள்" என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடிய ஊருக்கே மானம் உண்டு.

கலந்துரையாடலுக்கு

1. சென்ற முறை எமது விழாவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் யார்? பெயர் சொல்ல முடியுமா?
2. கூத்துப் பழகும் இடத்தில் இருட்டான, மறைவான பகுதிகள் எவை? அவற்றை இந்த வாரமே எவ்வாறு சரிசெய்யலாம்?
3. எமது பிள்ளைக்கு ஒரு கஷ்டம் வந்தால், பெற்றாரைத் தவிர யாரிடம் சென்று சொல்லும்? பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.
4. விழாவில் பங்குகொள்ள முடியாமல் வீட்டில் இருந்துவிட்ட முதியவர், மாற்றுத்திறனாளி யார்? அவர் வருவதற்கு என்ன செய்யலாம்?
5. இப்பாடத்திலிருந்து ஐந்து விதிகளைத் தெரிந்து, பெரிய எழுத்தில் எழுதி, பழகும் இடத்தில் பிள்ளைகளின் கண்ணுயரத்தில் ஒட்டுங்கள். எவற்றைத் தெரிவீர்கள்?